டீச்சரின் எட்டு லட்சமும் கோல் இந்தியா டிவிடெண்டும்

கேள்வி: நான் கணக்கு ஆசிரியையாக இருந்து ஓய்வுபெற்றவள். வயது 63. ஓய்வூதியம் வருகிறது. வங்கியில் 7 சதவீத வட்டிக்குப் போட்டிருந்த 8 லட்சம் ரூபாய் அடுத்த மாதம் முதிர்கிறது. உடன் வேலை பார்த்த நண்பர், "பணத்தை ஏன் வங்கியில் தூங்க விடுகிறீர்கள்? அரசின் நிலக்கரிக் கம்பெனியான கோல் இந்தியா 2024-25-க்குப் பங்குக்கு 26 ரூபாய் 50 காசு டிவிடெண்ட், அதாவது லாபத்திலிருந்து பங்குதாரருக்குப் பிரித்துத் தருவது, கொடுத்திருக்கிறது. வட்டி மாதிரி அதுவும் வரும், பங்கு விலையும் ஏறும்" என்கிறார். செயலியில் பார்த்தேன். விலை 385 ரூபாய், டிவிடெண்ட் யீல்ட் 6.9 சதவீதம் என்று இருக்கிறது. மொத்தத்தையும் அதில் போட்டுவிடலாமா? ரெக்கார்டு தேதிக்கு (அன்று யார் பெயரில் பங்கு இருக்கிறதோ அவருக்கே டிவிடெண்ட் என்கிறார்கள்) முதல் நாள் வாங்கினால் உடனே ஒரு டிவிடெண்ட் கிடைத்துவிடுமாமே, உண்மையா? இன்னொரு சின்னக் கேள்வி: மறைந்த என் கணவர் பெயரில் பழைய பங்குச் சான்றிதழ் ஒன்று பீரோவில் கிடக்கிறது. பல வருடங்களாக அதற்கு டிவிடெண்ட் வந்ததாக நினைவில்லை. அது இனி செல்லுமா?

பதில்: வணக்கம் டீச்சர். டெபாசிட் முதிரும் நாள் நெருங்குவதால் விடையை முதலில் சொல்லிவிடுகிறேன். மொத்தத்தையும் போட வேண்டாம். கோல் இந்தியா மோசமான கம்பெனி என்று நான் சொல்ல வரவில்லை. என்னிடம் அந்தப் பங்கு இல்லை; வாங்கு, விற்றுவிடு என்று யாருக்கும் சொன்னதும் இல்லை. அந்த 6.9-ஐ நீங்கள் வங்கி வட்டியைப் படிப்பதுபோலப் படித்துவிட்டீர்கள் என்பதுதான் என் கவலை.

கணக்கு டீச்சரிடம் பின்னம் பற்றிப் பேசக் கூச்சமாகத்தான் இருக்கிறது. யீல்ட் என்பது ஒரு பின்னம். தொகுதியில் இருப்பது ஏற்கெனவே கொடுத்து முடித்த டிவிடெண்ட், 26.50. பகுதியில் இருப்பது இன்றைய சந்தை விலை, 385. மேலே இருப்பது பழைய கதை, கீழே இருப்பது நிமிஷத்துக்கு நிமிஷம் மாறுவது. இரண்டையும் வகுத்தால் வருகிற விடை, அடுத்த வருடம் உங்கள் கணக்கில் எவ்வளவு விழும் என்பதைப் பற்றி வாயே திறப்பதில்லை. உங்கள் டெபாசிட் ரசீதில் அச்சிட்டிருக்கும் 7 சதவீதம் வங்கி கொடுத்த வாக்கு. செயலியில் ஒளிரும் 6.9 யாரும் கொடுத்த வாக்கு இல்லை.

இந்தக் கம்பெனியிலேயே பாருங்கள். 2022-23-க்கு மொத்த டிவிடெண்ட் 24 ரூபாய் 25 காசு. 2023 ஜூன் தொடக்கத்தில் மத்திய அரசு தன் பங்கிலிருந்து 3 சதவீதம் வரை சந்தையில் விற்றது. அதற்கு வைத்த அடிவிலை 225 ரூபாய். வகுத்தால் 10.8 சதவீதம். அடுத்த ஆண்டு டிவிடெண்ட் 25 ரூபாய் 50 காசாகக் கூடியது. ஆனால் 2024 ஆகஸ்டில் பங்கு 543 ரூபாயைத் தொட்டபோது யீல்ட் 4.7 சதவீதம்தான். கொடுத்த காசு கூடியிருக்கிறது, யீல்ட் பாதிக்கும் கீழே போயிருக்கிறது. பகுதி பெருத்தால் பின்னம் சிறுக்கும். நாலாம் வகுப்புப் பாடம்தான். ஆனால் சந்தையில் பாதிப் பேர் இதில்தான் வழுக்குகிறார்கள்.

சரி, பகுதியை விடுங்கள், அது சந்தையின் மனநிலை. தொகுதியைத்தான் நாம் விசாரிக்க வேண்டும். 26 ரூபாய் 50 காசு எங்கிருந்து வந்தது, அடுத்த வருடமும் வருமா?

ஒரு கோடு போட்ட நோட்டை எடுத்துக்கொள்ளுங்கள். இடப்பக்கம் ஆண்டு, நடுவில் அந்த ஆண்டு ஒரு பங்குக்குக் கொடுத்த டிவிடெண்ட், வலப்பக்கம் அந்த ஆண்டு ஒரு பங்குக்கு ஈட்டிய லாபம். வலப்பக்க எண்ணை எந்தச் செயலியும் முகப்பில் காட்டாது, ஆண்டறிக்கையில் 'இ.பி.எஸ்.' என்ற வரியில் இருக்கும். துணை நிறுவனங்களையும் சேர்த்த கணக்கைத்தான் எடுக்க வேண்டும். கோல் இந்தியாவில் சுரங்கம் தோண்டுவதே பெரும்பாலும் துணை நிறுவனங்கள்தான்.

2013-14-ல் இருந்து தொடங்குகிறேன். அந்த ஆண்டு டிவிடெண்ட் 29 ரூபாய். லாபம் பங்குக்கு 24 ரூபாய்க்குக் கொஞ்சம் கீழே. ஈட்டியதைவிடக் கொடுத்தது அதிகம். எப்படி முடிந்தது? பெட்டியில் பணம் இருந்தது. அதற்கு முந்தைய மார்ச்சில் கம்பெனியின் ரொக்கக் கையிருப்பு 60,000 கோடி ரூபாய்க்கு மேல். அப்போது பங்குகளில் 90 சதவீதம் மத்திய அரசிடம். பட்ஜெட் பற்றாக்குறையை அடைக்கப் பங்கை விற்கப் பார்த்தார்கள், தொழிற்சங்கங்கள் எதிர்த்தன. பெட்டியைத் திறந்து 2014 ஜனவரியில் ஒரே வீச்சில் 18,317 கோடி ரூபாயை டிவிடெண்டாக எடுத்தார்கள். அதாவது அந்த 29 ரூபாயில் நிலக்கரி விற்ற காசும் உண்டு, பல வருடச் சேமிப்பும் உண்டு, அரசின் அவசரமும் உண்டு.

2015-16-ல் டிவிடெண்ட் 27 ரூபாய் 40 காசு, லாபம் 22 ரூபாய் 60 காசு அளவில். 2016-17-ல் 19 ரூபாய் 90 காசு, லாபம் 15 ரூபாய்கூட இல்லை. 2017-18-ல் கிராஜுவிட்டி உச்சவரம்பு 10 லட்சத்திலிருந்து 20 லட்சமானது. அத்தனை தொழிலாளர்களுக்கும் சேர்த்து அதற்கு ஒதுக்கியதில் மொத்த லாபம் 7,000 கோடியை ஒட்டி இறங்கியது. பங்குக்கு 11 ரூபாய் சொச்சம். டிவிடெண்ட் 16 ரூபாய் 50 காசு. மூன்று வருடமும் வரவுக்கு மேல் செலவு. குடும்பக் கணக்கு எழுதுகிற யாருக்கும் இது எங்கே போய் முடியும் என்று தெரியும்.

முடிந்தது. 2018-19-ல் லாபம் 28 ரூபாயாகத் துள்ளியது. டிவிடெண்டோ 13 ரூபாய் 10 காசுக்கு இறங்கியது. 2019-20-ல் லாபம் 27 ரூபாய், டிவிடெண்ட் வெறும் 12. லாபம் மெலிந்திருந்தபோது கை தாராளம், லாபம் கொழுத்தபோது கை இறுக்கம். நடு வரிசையை மட்டும் பார்த்தவருக்குக் கம்பெனி தேய்ந்துகொண்டே வருகிறது என்று தோன்றியிருக்கும். இரண்டு வரிசையையும் பார்த்தவருக்குத்தான் பெட்டி காலியானதும், இனி ஈட்டுவதிலிருந்துதான் கொடுக்கிறார்கள் என்பதும் புரிந்திருக்கும்.

இப்போது உங்கள் 26 ரூபாய் 50 காசுக்கு வருகிறேன். 2024-25-ல் ஒரு பங்கின் லாபம் 57 ரூபாய் சொச்சம். அதில் 46 சதவீதம்தான் டிவிடெண்டாகப் போயிருக்கிறது. அந்த வகையில் இந்த 26.50 பழைய 27.40-ஐவிட ஆரோக்கியமானது, ஈட்டிய காசிலிருந்து வந்தது. இதைச் சொல்லாமல் விட்டால் கம்பெனிக்கு நான் நியாயம் செய்தவனாக மாட்டேன். ஆனால் அந்த 57 ரூபாய் எப்போதும் இருந்ததில்லை. 2020-21-ல் அது 20 ரூபாய் 60 காசு. 2022-ல் உக்ரைன் போரை ஒட்டி உலகெங்கும் நிலக்கரி விலை எகிறியது, இங்கே மின்னணு ஏலத்தில் விற்ற நிலக்கரிக்கும் நல்ல விலை கிடைத்தது, மின்தேவையும் கூடியது. அந்த அலையில் ஏறிய லாபம் 2023-24-ல் 60 ரூபாயைத் தாண்டி, அடுத்த வருடமே கொஞ்சம் இறங்கித்தான் 57-ல் நிற்கிறது. நிலக்கரி விலையைப் பொறுத்து இன்னும் இறங்கலாம், ஏறவும் செய்யலாம்.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது டீச்சர், அதை நீங்கள் ரசிப்பீர்கள். இந்தப் பங்கின் யீல்ட் மூன்று தடவை ஏறக்குறைய ஒரே எண்ணைக் காட்டியது. 2014 ஜனவரியில் விலை 300 ரூபாயை ஒட்டி. 29-ஐ வகுத்தால் 10 சதவீதத்தை நெருங்கும். 2020 அக்டோபரில் விலை 110 ரூபாய் அருகே விழுந்துகிடந்தது. 12-ஐ வகுத்தால் 11 சதவீதத்தை நெருங்கும். 2023 ஜூனில், மேலே சொன்னபடி, 10.8. முதல் தடவை நம்பி வாங்கியவருக்கு ஆறு வருடத்தில் வருமானம் 29-ல் இருந்து 12 ஆனது. இரண்டாம் தடவை வாங்கியவருக்கு ஐந்து வருடத்தில் 12 என்பது 26.50 ஆனது. மூன்றாமவருக்கு டிவிடெண்ட் சற்றே கூடியது, விலை 14 மாதத்தில் இரட்டிப்புக்கும் மேல் போனது. ஒரே கம்பெனி, ஒரே விடை, மூன்று பேருக்கு மூன்று கதை. விடையை மட்டும் எழுதி வழிமுறை எழுதாத பிள்ளைக்கு நீங்கள் மதிப்பெண் போட்டிருப்பீர்களா?

இந்த மூவரையும்விட நான் அதிகம் நினைத்துக்கொள்வது இன்னொருவரை. 2015 ஆகஸ்டில் பங்கு 447 ரூபாய் வரை போனது. அந்த உயரத்தில், 'அரசுக் கம்பெனி, டிவிடெண்டுக்குக் குறைவில்லை' என்று வாங்கியவர், 2020 மார்ச் வரை பங்குக்கு 88 ரூபாய் 90 காசு டிவிடெண்ட் வாங்கியிருப்பார். அதே காலம் முடிந்த சில மாதங்களில் விலை 110. கையில் வந்தது 89 என்றால் கரைந்தது 330-க்கும் மேல். பொறுமையாக வைத்திருந்தவர் 2024-ல் 543-ஐப் பார்த்தார் என்பதும் நிஜம்தான். ஆனால் அந்த ஐந்து வருடத்துக்குள் மருத்துவச் செலவோ பேத்தி கல்யாணமோ வந்து விற்க வேண்டியிருந்தால்? 63 வயதில் கேட்க வேண்டிய கேள்வி அது.

உங்கள் 8 லட்சத்தை வைத்துக் கணக்குப் போடுகிறேன். 385 விலையில் 2,077 பங்குகள் வரும். 26.50 வீதம் ஆண்டுக்கு 55,040 ரூபாய். 2019-20 போல் 12 ரூபாய்க்கு இறங்கினால் 24,924 ரூபாய். டெபாசிட்டில் 7 சதவீதத்துக்கு 56,000. ஆக, நண்பர் சொல்கிற நல்ல வருடத்திலேயே வங்கியைவிட ஆயிரம் ரூபாய் குறைவு. கெட்ட வருடத்தில் பாதிக்கும் கீழே. போதாததற்கு அது மாதாமாதம் வருவதும் இல்லை. இடைக்கால டிவிடெண்டை இயக்குநர் குழு நினைத்தபோது அறிவிக்கும். இறுதி டிவிடெண்டுக்கு ஆண்டுப் பொதுக்கூட்டத்தின் ஒப்புதல் வேண்டும். இரண்டும் அறிவித்த அல்லது ஒப்புதலான 30 நாளுக்குள் கணக்குக்கு வந்தாக வேண்டும் என்பது கம்பெனிகள் சட்டம். அறிவித்துவிட்டால் அது கம்பெனி உங்களுக்குப் பட்ட கடன். அறிவிக்கும் வரை ஒன்றுமே இல்லை.

'அரசு விடாது, எப்படியும் கொடுக்க வைக்கும்' என்று நண்பர் சொல்லக்கூடும். பாதி சரி. இன்றும் 63 சதவீதத்துக்கு மேல் அரசிடம்தான் இருக்கிறது. பொதுத்துறை நிறுவனங்கள் நிகர லாபத்தில் 30 சதவீதம் அல்லது நிகர மதிப்பில் 4 சதவீதம், இதில் எது அதிகமோ அதையாவது டிவிடெண்டாகக் கொடுக்க வேண்டும் என்று நிதி அமைச்சகத்தில் அரசின் பங்குகளைக் கவனிக்கும் திபம் துறை 2024 நவம்பரில் வழிகாட்டியிருக்கிறது. 57 ரூபாயில் 30 சதவீதம் 17 ரூபாய். அதற்குக் கீழே போகாது என்று மனதைத் தேற்றிக்கொள்ளலாம்தான். ஆனால் லாபம் 20 ரூபாயானால் அந்தத் தரை 6 ரூபாயாகிவிடும். தரையும் லாபத்தோடு சேர்ந்து இறங்கும் தரை.

அப்படியென்றால் பணத்தை என்ன செய்வது? உங்களுக்கு 60 வயது தாண்டிவிட்டது. அஞ்சலகத்திலும் வங்கிகளிலும் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டம் இருக்கிறது. வட்டி 8.2 சதவீதம், 2023 ஏப்ரலில் இருந்து அதே விகிதம். சேரும் அன்று என்ன விகிதமோ அது ஐந்து வருடத்துக்கு மாறாது. 8 லட்சம் போட்டால் காலாண்டுக்கு 16,400 ரூபாய், ஆண்டுக்கு 65,600. உச்சவரம்பு 30 லட்சம். ஒரு வருடத்துக்குள் எடுத்தால் வட்டி கிடைக்காது, அதற்குப் பிறகு இடையில் எடுத்தால் கொஞ்சம் பிடித்துக்கொள்வார்கள், அவ்வளவுதான். நண்பரின் 6.9-க்கும் இந்த 8.2-க்கும் நடுவே உங்கள் மாதச் செலவுக்கான பணத்தை வைத்து ஏன் சூதாட வேண்டும்?

பங்கே வேண்டாம் என்று சொல்லவில்லை. 63 வயது என்பது இன்னும் இருபது இருபத்தைந்து வருடக் கணக்கு, 8.2 சதவீத வட்டி ரூபாயில் அப்படியே நிற்கும், விலைவாசி நிற்காது. டிவிடெண்ட் கூடிக்கொண்டே போகிற நல்ல கம்பெனிகள் அந்த ஓட்டத்துக்கு ஈடுகொடுக்கும். ஓய்வூதியமே செலவுக்குப் போதும் என்றால் 8 லட்சத்தில் ஒன்றரை லட்சம் வரை பங்கில் வையுங்கள். அதையும் ஒரே கம்பெனியில், அதிலும் ஒரே சரக்கை விற்கும் கம்பெனியில் வைக்காதீர்கள். தனித்தனியாகத் தேர்ந்தெடுக்கப் பொறுமையில்லை என்றால் டிவிடெண்ட் யீல்ட் ஃபண்ட் என்றே ஒரு வகை மியூச்சுவல் ஃபண்ட் உண்டு. அதில் குரோத் பிரிவில், அதாவது லாபத்தைப் பிரித்துக் கொடுக்காமல் உள்ளேயே வளரவிடும் பிரிவில், சேருங்கள். ஃபண்டுகள் முன்பு 'டிவிடெண்ட்' என்று சொல்லிவந்த பிரிவின் பெயரையே 2021 ஏப்ரலில் பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபி மாற்றச் சொன்னது. காரணம், அதில் வருவது பெரும்பாலும் உங்கள் பணத்திலிருந்தே எடுத்து உங்களுக்குக் கொடுப்பது.

தனிப் பங்குகள்தான் பிடிக்கும் என்றால், இந்த நோட்டுப் பழக்கத்தை விடாதீர்கள். டிவிடெண்ட் வரலாறு என்று செயலி காட்டுகிற பட்டியலில் குழிகள் உண்டு. ஐ.டி.சி.யில் 2022-23-க்கு 15 ரூபாய் 50 காசு, அடுத்த ஆண்டு 13 ரூபாய் 75 காசு. குறைத்துவிட்டார்கள் என்று தோன்றும். முதல் எண்ணுக்குள் அந்த ஒரு தடவை மட்டும் கொடுத்த 2 ரூபாய் 75 காசு சிறப்பு டிவிடெண்ட் ஒளிந்திருக்கிறது. அதைக் கழித்தால் 12.75, ஆக உண்மையில் ஒரு ரூபாய் கூடியிருக்கிறது. டி.சி.எஸ்.ஸில் 2017-18-க்கு 50 ரூபாய், 2018-19-க்கு 30 ரூபாய். இடையில் 2018-ல் ஒன்றுக்கு ஒன்று போனஸ் பங்கு கொடுத்தார்கள். 100 பங்கு வைத்திருந்தவரிடம் 200 ஆனது. பழைய 50-ஐ 25 என்று திருத்திப் படித்தால்தான் ஏறியது தெரியும்.

செய்தித்தாள் தலைப்புகள் இன்னொரு வகை. '2000 சதவீத டிவிடெண்ட்' என்று போடுவார்கள். அது முகமதிப்பின், அதாவது பங்கில் அச்சிட்ட ஆதி மதிப்பின், மீதான சதவீதம். சென்னை எம்.ஆர்.எஃப். 2023-24-க்கு மொத்தம் 200 ரூபாய் கொடுத்தது, முகமதிப்பு 10 ரூபாய், ஆக 2000 சதவீதம். பங்கின் சந்தை விலையோ ஒரு லட்சத்துக்கு மேல். யீல்ட் 0.2 சதவீதம்கூடத் தேறாது.

யீல்ட் மிகப் பெரிதாக இருந்தால் சந்தோஷப்படாதீர்கள், சந்தேகப்படுங்கள். வேதாந்தா 2022-23-ல் ஐந்து தவணையாக 101 ரூபாய் 50 காசு கொடுத்தது, பங்கு 300 ரூபாயைச் சுற்றி இருந்த காலத்தில். மொத்தம் 37,000 கோடிக்கு மேல். துணை நிறுவனங்களையும் சேர்த்துப் பங்குதாரர்களுக்கு உரிய லாபம் அந்த ஆண்டு 10,500 கோடியை ஒட்டித்தான். லண்டனில் இருக்கும் தாய் நிறுவனம் தன் கடனை அடைக்கப் பணம் தேவைப்பட்ட நேரம் அது. அடுத்த ஆண்டு டிவிடெண்ட் 29 ரூபாய் 50 காசு. செயலி மட்டும் சில மாதங்களுக்குப் பழைய 101.50-ஐ வைத்தே வகுத்துக்கொண்டிருந்தது. நானும் இதில் அடிபட்டவன்தான். தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு ஆலைப் பங்கை 12 சதவீத யீல்ட் என்று வாங்கினேன். அடுத்த வருடம் டிவிடெண்டுக்குப் பதில் இயக்குநர் குழுவின் வருத்தக் கடிதம் வந்தது. அதன் உறை இன்னும் என் மேஜை இழுப்பறையில் கிடக்கிறது.

ரெக்கார்டு தேதி விஷயம். முதல் நாள் வாங்கினால் டிவிடெண்ட் வரும், அது உண்மை. 2023 ஜனவரியில் இருந்து நம் சந்தையில் வாங்கிய மறுவேலைநாளே பங்கு டீமேட்டுக்கு, அதாவது நம் மின்னணுப் பங்குக் கணக்குக்கு, வந்துவிடுகிறது. அதனால் ரெக்கார்டு தேதிக்கு ஒரு வேலைநாள் முன்பு வாங்கினால் போதும், அன்றைக்கே வாங்கினால் கிடைக்காது. ஆனால் லாபம் எங்கே? 5 ரூபாய் 15 காசு டிவிடெண்ட் என்று வையுங்கள். 2,077 பங்குக்கு 10,696 ரூபாய் வரும். அந்தக் காசு கம்பெனியை விட்டுப் போகிறது என்று சந்தைக்கும் தெரியுமே. மறுநாள் காலை விலை ஏறத்தாழ அந்த 5 ரூபாயைக் கழித்துக்கொண்டுதான் தொடங்கும். வலது பையிலிருந்து இடது பைக்கு மாற்றிய கதை. வழியில் அதற்கு வரி வேறு.

வரி என்றதும் ஒன்று. 2020 ஏப்ரலுக்கு முன் டிவிடெண்டுக்குக் கம்பெனியே வரி கட்டியது. இப்போது அது உங்கள் வருமானத்தோடு சேரும். ஒரு கம்பெனியிடமிருந்து ஆண்டுக்கு 10,000 ரூபாய்க்கு மேல் வந்தால் 10 சதவீதத்தை டி.டி.எஸ். என்று முன்கூட்டியே வரியாகப் பிடிப்பார்கள். உங்கள் ஓய்வூதியம், வட்டி, டிவிடெண்ட் எல்லாம் சேர்த்து 12 லட்சத்துக்குள் என்றால் புதிய முறையில் வரி வராது. 15எச் என்று நாம் பழகிப்போன, எனக்கு வரி வராது என்று நாமே எழுதிக் கொடுக்கும் படிவத்தை அந்தந்தக் கம்பெனியின் பங்குப் பதிவாளரிடம் ஒவ்வொரு நிதியாண்டும் கொடுத்தால் பிடிக்க மாட்டார்கள். மறந்துவிட்டால் ரிட்டர்ன் போட்டுத் திரும்ப வாங்கலாம். அஞ்சலக வட்டிக்கு இந்தத் தொல்லை குறைவு, மூத்த குடிமக்களுக்கு ஆண்டுக்கு ஒரு லட்சம் வரை டி.டி.எஸ். கிடையாது.

கடைசியாக பீரோவில் இருக்கும் சான்றிதழ். உண்மையைச் சொன்னால் உங்கள் கடிதத்தில் எனக்கு அதிக ஆர்வம் தந்தது இதுதான். வாங்கப்படாத டிவிடெண்ட் ஏழு வருடம் கம்பெனியின் தனிக் கணக்கில் கிடக்கும். பிறகு முதலீட்டாளர் கல்வி மற்றும் பாதுகாப்பு நிதிக்கு, ஐ.இ.பி.எஃப். என்பார்கள், போய்விடும். ஏழு வருடம் தொடர்ந்து டிவிடெண்டே வாங்காவிட்டால் பங்குகளும் அங்கே போய்விடும். பயப்பட வேண்டாம், பறிபோனதாக அர்த்தமில்லை. வாரிசு எத்தனை வருடம் கழித்தும் கேட்டுப் பெறலாம். இடையில் வந்த டிவிடெண்டும் அங்கேதான் சேர்ந்துகொண்டிருக்கும்.

முதலில் ஐ.இ.பி.எஃப். இணையதளத்தில் கணவர் பெயரைத் தேடுங்கள். அடுத்து கம்பெனியின் பங்குப் பதிவாளருக்கு ஃபோலியோ எண்ணைக் குறிப்பிட்டு ஒரு கடிதம் எழுதுங்கள். பங்குகள் இன்னும் கணவர் பெயரிலேயே கம்பெனியில் இருந்தால் இறப்புச் சான்றிதழ், வாரிசுக்கான ஆவணங்கள், உங்கள் பான், டீமேட் விவரம் கொடுத்து உங்கள் பெயருக்கு மாற்றலாம். காகிதமாகத் திரும்ப வராது, டீமேட்டில்தான் ஏறும். நிதிக்குப் போயிருந்தால் ஐ.இ.பி.எஃப்.-5 என்ற படிவம். இதில் எதற்கும் தரகரைத் தேடாதீர்கள். 'பாதி எனக்கு' என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள்.

பல பழைய கம்பெனிகள் இணைந்து, பிரிந்து, பெயர் மாறிவிட்டன. சான்றிதழில் இருக்கும் பெயரில் தேடி எதுவும் வரவில்லை என்றால் விட்டுவிடாதீர்கள். கம்பெனி பெயர், சான்றிதழ் தேதி, பங்கின் முகமதிப்பு இந்த மூன்றை மட்டும் எழுதி அனுப்புங்கள், சான்றிதழையோ அதன் நகலையோ அனுப்ப வேண்டாம். இப்போது அது எந்தப் பெயரில் இருக்கிறது, இடையில் எத்தனை போனஸ் கொடுத்திருக்கிறார்கள் என்று பார்த்துச் சொல்கிறேன்.